நாவும் கற்றுக்கொள்ளும்



விஸ்கியின் முதல் மிடறு பெரும்பாலோருக்குக் கசப்பும் எரிச்சலுமே. ஆயினும் திரும்பத் திரும்பக் கொடுத்தால், வெறுத்ததையே நாவு தேடத் தொடங்குகிறது. காப்பியும் அப்படியே. ஒரு காலத்தில் தமிழ் வீடுகள் நீராகாரத்தோடு விடிந்தன, வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி தம் நூலுக்கு ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்றே பெயரிட்டார்.

இறையியல் கல்லூரி நாட்களில் 3 தேக்கரண்டி சர்க்கரை இல்லாமல் காப்பி என் தொண்டையில் இறங்காது. ஐம்பதைக் கடந்தபின் மருத்துவரின் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்தேன். முதல் மாதம் கஷாயம் குடிப்பதுபோல் இருந்தது. இன்றோ, வீடு சந்திக்கச் செல்லுகையில் அன்போடு தரும் இனிப்புக் காப்பியைப் பாதிக்குமேல் பருக இயலவில்லை.

ஆரணியில் தறிக்கூலி கைக்கு வந்ததும் மதுக்கடைக்கு நடக்கும் சகோதரரை எண்ணியே இதை எழுதுகிறேன். 2003 முதல் அரசே நடத்தும் கடை அது, வழி எளிது. அவருடைய போராட்டமோ என்னுடையதைவிட மிகக் கடினம். நாவோடு மூளையும் நரம்புகளும் மதுவுக்குப் பழகிவிட்டன. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் உண்டாகலாம். ஆகையால் ஜெபத்தோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

“அவன் திருந்தமாட்டான்” என்று மட்டும் சொல்லாதிருங்கள். அந்த விருப்பம் அவரோடு பிறந்ததல்ல, பழகி வந்தது. பழகி வந்தது, பொறுமையோடு துணைநின்றால், பழகிப் போகவும் கூடும். 34ஆம் சங்கீதம் நம்மை ருசிபார்க்க அழைப்பதும் மாறக்கூடிய இந்த நாவை நம்பியே.

கர்த்தர் தாமே அக்குடும்பங்களைத் தாங்குவாராக. ஆமென்.