ஊசியைக் கண்டால் மயங்குகிற மாப்பிள்ளை

எங்கள் தூத்துக்குடியில் சீனி வியாதிக்கு யாரும் வெட்கப்படுவதில்லை. டீக்கடை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "சீனி இல்லாம ஒண்ணு" என்று சொல்வதில் ஒரு பெருமைகூட உண்டு. கல்யாணப் பந்தியில் நாலு பேர் சேர்ந்தால், வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு என்று கணக்கு ஒப்பிக்கிறார்கள். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு இது இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. அதில் பாதிப் பேர் எங்கள் ஊர்ப் பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றும்.

வெட்கமெல்லாம் ஊசிக்குத்தான். அதிலும் கல்யாண வயசுப் பெண்ணின் கைப்பையில் ஊசி இருந்தால், வீடே வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்ளும். பந்தியில் பேசப்படுவது நடுவயதில் மாத்திரையோடு வருகிற இரண்டாம் வகை. முதல் வகை வேறு. பெரும்பாலும் சின்ன வயசிலேயே, உடம்பின் காவல் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை எதிரியென்று நினைத்து அழித்துவிடும். மிட்டாய் தின்றதால் வந்ததில்லை, பாட்டி செல்லம் கொடுத்ததாலும் இல்லை. வெளியிலிருந்து இன்சுலின் போகாவிட்டால் உயிர் தங்காது. நாளுக்கு மூன்று நான்கு ஊசி, ஆயுள் முழுக்க.

நான் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்துப் போட்ட காலத்தில் உள்ளே போய், பேனா ஊசி வந்தபிறகு வெளியே வந்தேன். என் அண்ணன் மகளுக்கு இந்த முதல் வகை பள்ளிக்கூட வயசிலேயே வந்தது. இப்போது ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்குப் பார்க்கிறாள். வேலை வழியாக அவளுக்கு ஒரு பையன் பழக்கமானான். இறால் ஏற்றிப் போகிற குளிர்பெட்டிக் கன்டெய்னர்களைக் கவனிப்பது அவன் பொறுப்பு. அடுக்கிய பெட்டிகளின் உச்சியில், கடற்காற்றில், ஒரு கையில் டார்ச்சோடு நிற்பான். பயம் என்றால் என்னவென்று தெரியாது. ஊசியைத் தவிர.

எங்கள் ஊரில் நைட் கிளப் என்றால் புரோட்டாக் கடை. வெளியூர்க்காரர்கள் வேறு ஏதோ நினைத்துக்கொள்ள வேண்டாம். பொரிச்ச புரோட்டா, சால்னா, கோழி. இரண்டு பேரும் முதன்முதலாக வெளியே சாப்பிடப் போனது அங்கேதான். நோயைப் பற்றி அவள் முன்பே சொல்லியிருந்தாள். அவனும் பெரிய மனசோடு தலையாட்டியிருந்தான். காதால் கேட்பதற்குத் தலையாட்டுவது சுலபம். புரோட்டா வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே இன்சுலின் உள்ளே போக வேண்டும். பையிலிருந்து பேனாவை எடுத்தாள். புது ஊசியைத் திருகி, மூடியைக் கழற்றி, இரண்டு யூனிட் வைத்து மேலே பார்க்கப் பிடித்து அழுத்தினாள். நுனியில் ஒரு சொட்டு அரும்பியது, கூடவே அந்த வாசனை. இன்சுலின் கெடாமலிருக்கக் கிரெசால் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். ஆஸ்பத்திரித் தரை கழுவிய வாசனை அடிக்கும். பையன் முகம் வெளுத்து, பெஞ்சிலிருந்து பக்கத்து மேசைக்காரர் மடியில் சாய்ந்துவிட்டான். சால்னா வாளியோடு வந்தவர், "அண்ணாச்சிக்கு லோ சுகர் போல" என்று சீனியை அள்ளிக்கொண்டு அவன் வாயைத் திறக்கப் போனாராம். சுகர் உள்ளவள் அவரைத் தடுத்து, அவனைத் தரையில் கிடத்தி, காலைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.

மறுநாள் என்னிடம் வந்தாள். "அத்தை, ஊசியையே பார்க்க முடியாதவன் என்னை எப்படிப் பார்ப்பான்? இப்பவே விட்டுரட்டா?"

அவளுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் பேசி நின்றுபோயிருந்தது. அந்த மாப்பிள்ளை மயங்கி விழுகிற ரகமில்லை. ஊசியை நேருக்கு நேர் பார்ப்பான், ஒன்றும் ஆகாது. "போட்டுக்கோ, ஆனா எங்க வீட்டு ஆளுங்க முன்னால வேண்டாம். பாத்ரூமுக்குள்ள போய்ப் போட்டுக்கோ" என்றான். நயமாகத்தான் சொன்னான். அவனுக்கு ஊசியில் பயமில்லை; ஊசி போடுகிறவள் தன் பெண்டாட்டி என்று நாலு பேருக்குத் தெரிவதில் பயம். உடம்பில் இருக்கிற பயத்தைப் பழக்கலாம். ஊர் என்ன சொல்லும் என்கிற பயத்துக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. பெண் பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். விழுந்தவனை விரட்டிவிட்டு, நயமாகப் பேசியவனுக்குக் கழுத்தை நீட்டுகிறார்கள்.

ஒளித்துப் போடுவதன் விளைவை வார்டில் பார்த்தவள் நான். கல்யாணமான சில நாளிலேயே வாந்தி, வயிற்றுவலி என்று புதுப்பெண்ணைக் கூட்டிவருவார்கள். மாமியார் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும், நல்ல செய்தி என்ற நினைப்பில். கிட்டே போனால் பெண் புஸ் புஸ்ஸென்று ஆழமாக மூச்சு வாங்குவாள், வாயில் அழுகிய பழ வாசனை வரும். பிறந்த வீட்டில் நோயை மறைத்து அனுப்பியிருப்பார்கள். புகுந்த வீட்டில் ஊசி போட மறைவிடம் கிடைக்காமல் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று விட்டிருப்பாள். இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை எரித்து ரத்தத்தை அமிலமாக்கிவிடும். சில மணி நேரம் தாமதித்தால் உயிரே போகலாம். ஆகவே எப்போது சொல்வது என்று கேட்கிற பெண்களுக்கு என் பதில்: மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கும்வரை காத்திருக்காதே, மனசைக் கொடுப்பதற்கு முன்பே சொல். சொல்வதோடு நிறுத்தாமல், எதிரில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டு. விழுந்தால் விழட்டும்.

இவன் விழுந்தான். ஏன் விழுந்தான் என்று அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. ஆண்பிள்ளைக்கு இது அவமானம் என்று ஒரு வாரம் போனை எடுக்காமல் இருந்திருக்கிறான். நான் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

பாம்பைக் கண்டு பயந்தவனுக்கு நெஞ்சு வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். அவன் ஓடுவானே தவிர மயங்கமாட்டான். ரத்தம், காயம், ஊசி விஷயத்தில் மட்டும் சிலருடைய உடம்பு தலைகீழாக நடக்கும். அழுத்தம் கொஞ்சம் ஏறிவிட்டுச் சட்டென்று விழும், துடிப்பும் மந்தமாகும், மூளைக்கு ரத்தம் குறைந்து ஆள் சாய்வான். நூறு பேரில் மூன்று நான்கு பேருக்கு இந்தப் பயம் உண்டு. பல குடும்பங்களில் வழிவழியாக வரும். கோழையா வீரனா என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. ஊசி போடுகிற இடங்களில் எல்லாரும் சொல்கிற புத்திமதி, "மூச்சை இழுத்து விடுங்க, உடம்பைத் தளர்த்துங்க" என்பது. மயங்குகிற ரகத்துக்கு இது ஆகாது. தளர்ந்தால் அழுத்தம் இன்னும் இறங்கும்.

சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980-களில் இதற்கென்றே ஒரு முறை வகுத்தார். உடம்பை முறுக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, கைமுட்டி, தொடை, வயிறு எல்லாவற்றையும் இறுக்கிப் பத்துப் பதினைந்து நொடி பிடித்தால், முகத்தில் சூடு ஏறுவது தெரியும். அப்போது விட வேண்டும், துவண்டுபோகிற அளவுக்கு விடக் கூடாது. அரை நிமிடம் கழித்து மறுபடி. இப்படி ஐந்து முறை. இந்தப் பையனுக்கு இதயக் கோளாறு ஒன்றுமில்லை என்பதால் நான் துணிந்து சொல்லிக்கொடுத்தேன். மற்றவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும். முதலில் மூடிய பேனாவைக் கையில் கொடுத்தேன். பிறகு யூனிட் திருப்புகிற டிக் டிக் சத்தம் மட்டும். பிறகு வாசனை. ஊசியைக் காட்டியது கடைசியில்தான். நாலு மில்லிமீட்டர் நீளம், கால் மில்லிமீட்டர்கூட இல்லாத தடிமன். "இவ்வளவுதானா?" என்றான், இறுக்கிய பல்லோடு. அவள் வயிற்றில், தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி வைத்து அழுத்தி, பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்காமல் இருந்தாள். ஏழு வரை பார்த்தான். எட்டில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஊசி போடுவது அவள் வேலை. அதை அவன் ரசிக்க வேண்டுமென்றோ, போட்டுவிட வேண்டுமென்றோ யாரும் கேட்கவில்லை. அவன் வேலை வேறு. எங்கள் கடலில் பெரிய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. அந்தக் காலத்தில் தோணியில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் கூட்டிப்போவார்கள் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தோம். கூடப்பிறந்தவளின் தாலிக்காகவாவது கைநழுவ விடமாட்டான் என்று. கல்லோடு இறங்குகிறவன் கயிற்றைச் சுண்டினால் அந்த நொடியே இழுக்க வேண்டும். பிடிக்கிறவனுக்குக் குளிக்கத் தெரிய வேண்டியதில்லை, சுண்டுவது தெரிந்தால் போதும்.

இந்த நோயில் கயிறு சுண்டுவது சர்க்கரை இறங்கும்போது. எழுபதுக்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அதற்கு முன்பே காரணமில்லாத கோபம் வரும். காதலர்களுக்கு இதுதான் பெரிய கண்ணி. முயல்தீவுக் கடற்கரையில் அவள் திடீரென்று சண்டை பிடித்தால், பதிலுக்குக் கத்தாமல் சர்க்கரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். எங்கள் ஊர் மக்ரூனை நீட்டாதீர்கள். முந்திரிக் கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். அதற்கென்று குளுக்ககான் என்ற மருந்து உண்டு, நம்மூர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை.

இவன் தானாக எடுத்துக்கொண்ட பொறுப்பு ஒன்றும் உண்டு. திறக்காத இன்சுலினை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைந்தால் குப்பைதான். பயன்பாட்டில் உள்ள பேனா நாலு வாரம் வெளியே தாங்கும், முப்பது டிகிரியைத் தாண்டாதவரை. சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று யோசித்துப்பாருங்கள். பகலெல்லாம் இறால் பெட்டியின் குளிரைக் குறித்துக்கொள்கிறவனுக்கு இது தொழில் விஷயம். அவள் மேசையடியில் ஈர மணல் போட்ட மண்சட்டி, உள்ளே ஒரு வெப்பமானி என்று ஏற்பாடு செய்துவிட்டான். "அங்க மைனஸ் பதினெட்டு, இங்க பிளஸ் இருபத்தஞ்சு. அவ்வளவுதான வித்தியாசம்?" என்கிறான்.

துணை என்றால் எனக்கு நினைவு வருவது ஷாங்காயில் இருந்த ஒரு தம்பதி. ஏவா சாக்ஸல், விக்டர் சாக்ஸல். நாஜிகளுக்குத் தப்பி வந்த செக் நாட்டு யூதர்கள். வந்த இடத்தில் ஏவாவுக்கு இந்த நோய். உலகப் போரில் ஜப்பான் படை நகரைப் பிடித்ததும் இன்சுலின் அற்றுப்போனது. விக்டர் நெசவுப் பொறியாளர், மருத்துவம் படித்தவரில்லை. ஒரு மருத்துவப் புத்தகத்தை விரித்துவைத்து, எருமைக் கணையத்திலிருந்து இருவருமாக இன்சுலின் வடித்தார்கள். முயலுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஏவா தனக்குப் போட்டுக்கொண்டார். அங்கிருந்த இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள் அதனால் பிழைத்தார்கள்.

பையனுக்குச் சொல்ல எனக்கு இன்னொரு ஆள் இருந்தார். 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தபோது சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களே, அந்த அணியின் கேப்டன் வாசிம் அக்ரம் 1997-லிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். அவர் இதிலிருந்து தேறி நின்றதில் மறைந்த மனைவி ஹுமாவுக்குப் பெரிய பங்கு. ஹுமா உளவியல் தெரிந்தவராக இருந்தார். கிரிக்கெட்டைச் சொன்னதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மருத்துவ விளக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான் மண்டையில் ஏறியது என்று நினைக்கிறேன்.

அவன் அம்மாதான் லேசில் மசியவில்லை. "பிள்ளை பிறக்குமா சிஸ்டர்? பிறந்தா அதுக்கும் ஊசியா?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான், நான் கோபப்படவில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கர்ப்பமானால் நல்லபடியாகப் பிள்ளை பெறலாம், நானே பல பேரைப் பார்த்திருக்கிறேன். தாய்க்கு முதல் வகை இருந்தால், இருபத்தைந்து வயசுக்குப் பிறகு பெறுகிற பிள்ளைக்கு அது வருகிற வாய்ப்பு நூற்றில் ஒன்று அளவு. அதற்கு முன் பெற்றால் இருபத்தைந்தில் ஒன்று. தகப்பனுக்கு இருந்தால்தான் கூடுதல், பதினேழில் ஒன்று. சொல்லிவிட்டு, "உங்க வீட்டுக்காரர் என்ன மாத்திரை சாப்பிடுதாரு?" என்று கேட்டேன். மெட்ஃபார்மின் என்றார். அந்த இரண்டாம் வகை பிள்ளைகளுக்கு வருகிற வாய்ப்பு இதைவிட அதிகம் என்றேன். பெண்ணைப் பெற்ற எங்கள் அண்ணன் உங்களிடம் அதைக் கேட்கவில்லையே என்றும் சேர்த்துச் சொன்னேன். கொஞ்சம் காரமாகத்தான் சொல்லிவிட்டேன், போகட்டும்.

தவக்காலம் முடிந்து நாள் குறிக்கலாம் என்று இப்போது இறங்கி வந்திருக்கிறார்கள். ஒரே ஒரு வழக்கு பாக்கி. கல்யாண ஹாலில் பிரியாணி பரிமாறும்போது, மணமேடைக்கு எதிரில் உட்கார்ந்து பெண் ஊசி போடக் கூடாது, உள்ளே ஒரு அறை ஒதுக்கித் தருகிறோம் என்கிறார் அம்மா. மேசையிலேயே போடுவேன் என்கிறாள் இவள். பையன் தன் நாற்காலியைச் சுவரோரமாகப் போடச் சொல்லியிருக்கிறான், சாய்ந்தாலும் சுவரில் சாயலாம் என்று. அண்ணன் என்னிடம் தீர்ப்புக் கேட்டார். மேசையிலேயே போடட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.