அந்தரத்தில் குட்டிக்கரணம் அடித்த படகு!

ஆடி மாதத்தில் திருமானூர் கொள்ளிடக் கரையில் நின்று பார்த்தால் காற்றின் சேட்டை புரியும். தோளில் கிடக்கும் துண்டு பறக்கும். மணல் கண்ணில் அடிக்கும். பாலத்தில் பைக்கில் போகிறவர் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்’ என்று சும்மாவா சொன்னார்கள்? அம்மி பறந்ததோ இல்லையோ, ஒரு படகு நிஜமாகவே பறந்திருக்கிறது.

அதன் பெயர் ‘செயில்ராக்கெட்’. என்ஜின் கிடையாது, காற்று மட்டுமே பலம். 2008 டிசம்பரில், ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டில் உள்ள வால்விஸ் பே என்ற இடத்தில், மணிக்கு 90 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போய்க்கொண்டிருந்த அந்தப் படகு திடீரென மூக்கைத் தூக்கியது. அப்படியே காற்றில் எழும்பி, பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்துத் தண்ணீரில் விழுந்தது. ஓட்டியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பால் லார்சன். நல்லவேளை, உயிர் பிழைத்தார்.

அவருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? உலகிலேயே வேகமான பாய்மரப் படகை ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான்.

சாதாரணப் பாய்மரப் படகைக் காற்று முன்னே தள்ளும்போதே பக்கவாட்டில் சாய்க்கவும் பார்க்கும். காற்று கூடக் கூட, கவிழாமல் இருப்பதே பெரும்பாடு. இதற்கு அமெரிக்கரான பெர்னார்ட் ஸ்மித் 1963-ல் ஒரு புத்தகத்தில் வழி சொல்லியிருந்தார். பாயை ஒரு பக்கம் சாய்த்துத் தள்ளி வைத்து, தண்ணீருக்குள் இருக்கும் இறக்கையை எதிர்ப்பக்கம் வைத்தால், இரண்டின் இழுப்பும் ஒரே கோட்டில் நேருக்கு நேர் நிற்கும். படகைக் கவிழ்க்கும் விசையே இருக்காது. கயிறு இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சமபலம் என்றால் நடுவில் கட்டிய துணி அசையாது அல்லவா, அதுபோல.

இந்த யோசனையைப் படகாக வடிவமைத்தவர் மால்கம் பார்ன்ஸ்லி. அவருடைய தொழில் காற்றாலை இறக்கைகளோடு சம்பந்தப்பட்டது. ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கம் போகும்போது பார்க்கிறோமே, அந்த மாதிரிக் காற்றாலைகள். லார்சனின் வாழ்க்கைத் துணை ஹெலெனா டார்வெலிடும் இந்தச் சிறிய குழுவில் ஒருவர்.

சோதனைப் படகு என்றால் உடையத்தான் செய்யும். செயில்ராக்கெட்டும் ஒரு முறை அல்ல, பல முறை அடிபட்டது. ஒவ்வொரு முறையும் சரிசெய்து மறுபடி தண்ணீரில் இறக்கினார்கள்.

கார்பன் ஃபைபரில் செய்த படகைப் பழுதுபார்ப்பது பொறுமைக்கான சோதனை. வெளியே சின்னக் கீறல்தான் தெரியும். உள்ளே அடுக்குகள் பிரிந்து கிடக்கும். அதனால் நாணயம் போன்ற ஒன்றால் மெல்லத் தட்டிக் கேட்பார்கள். நல்ல இடம் ‘டக்’ என்று கணீரென ஒலிக்கும். கெட்ட இடம் ‘பொத்’ என்று மந்தமாகக் கேட்கும். சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்க்கிற அதே வித்தை! பிறகு கெட்டதை முழுக்க வெட்டி எடுத்து, ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, புதிய ஃபைபர் துணியை ரெசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டி, காற்றை உறிஞ்சும் உறையால் மூடி அழுத்திக் காயவைக்க வேண்டும். நாகப்பட்டினம் கடற்கரையில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடும் மீனவர்களுக்கு இதன் அடிப்படை நன்றாகவே தெரியும். மேலே பூசி மறைத்தால், அடுத்த அலையில் அதே இடம் வாயைப் பிளக்கும்.

ஆனால், ஒட்டுப்போட்டால் மட்டும் போதுமா? படகு உடைந்ததைச் சரிசெய்வது ஒன்று. ஏன் உடைந்தது என்பதைச் சரிசெய்வது வேறொன்று. முதல் படகில் கற்றதையெல்லாம் வைத்து, வடிவத்தையே மாற்றி இரண்டாவது படகைக் கட்டினார்கள். எதிரே வரும் காற்றை நேராகச் சந்திக்கும்படி அதன் உடலைப் போகும் திசைக்குச் சற்றுக் கோணலாக வைத்தார்கள். 2011-ல் அது தண்ணீரில் இறங்கியது.

அப்போதும் வெற்றி உடனே வந்துவிடவில்லை. 50 நாட், அதாவது மணிக்குச் சுமார் 93 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்போது வேறொரு வில்லன் வந்தான். தண்ணீருக்குள் இருக்கும் இறக்கையின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறைந்து, அடுப்பே இல்லாமல் அங்கே தண்ணீர் கொதித்து ஆவியாகும். இறக்கையின் பிடி தளர்ந்துவிடும். குழு இதோடு மல்லுக்கட்டவில்லை. ஆப்பு மாதிரி, பின்பக்கம் மொட்டையாக இருக்கும் புதிய இறக்கையைச் செய்து, அதன் பின்னால் காற்று புகுந்துகொள்ள வழிவிட்டார்கள்.

2012 நவம்பர் 24. அதே வால்விஸ் பே. 500 மீட்டர் தூரத்துக்குச் சராசரி வேகம் 65.45 நாட், மணிக்கு 121 கிலோமீட்டர்! லார்சன் குழுவின் கைக்கு வருவதற்கு முன்பிருந்த சாதனை 2010-ல் காற்றாடிப் பலகையில் ராப் டக்ளஸ் எட்டிய 55.65 நாட். லார்சனின் சாதனை அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நின்றது.

அந்த 500 மீட்டரைக் கடக்க ஆனது 15 விநாடிக்கும் குறைவு. அதற்குப் பின்னால் இருந்தது ஏறக்குறைய பத்தாண்டு உழைப்பு.

நம் வீடுகளிலும் உடைகிற பொருள்கள் உண்டு, உறவுகளும் உண்டு. சிலவற்றை அவசரமாகப் பூசி மெழுகிவிடுகிறோம். சிலவற்றைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மெல்லத் தட்டி, சத்தம் எங்கே மாறுகிறது என்று காது கொடுத்துக் கேட்பது.