காணொளிக் கோப்புகள்: பழைய வடிவமும் புதிய வடிவமும்

பழையதைப் பேணுவதா, புதியதை ஏற்பதா என்ற வினா இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. கணினியிற் சேமிக்கப்படும் காணொளிகளும் அவ்வினாவை எழுப்புகின்றன. இலங்கையில் மணவிழாக்கள், அரங்கேற்றங்கள், பாடசாலை நாடகங்கள் முதலியன முன்னர் வீ.எச்.எஸ். நாடாக்களிலும் பின்னர் வீ.சி.டி. தட்டுகளிலும் பதிவாயின. போரினாலும் இடப்பெயர்வினாலும் புகைப்பட அல்பங்களையே இழந்துவிட்ட ஒரு குடும்பத்தில், மறைந்த ஒருவரின் நடையையும் குரலையும் காட்டும் ஒரே சான்றாக இத்தகைய தட்டொன்று எஞ்சியிருக்கக்கூடும். ஆதலின் அதனை எவ்வடிவத்திற் காப்பது என்பதைத் தொழினுட்பவியலாளருக்கு மட்டும் உரிய வினாவெனத் தள்ளிவிடல் இயலாது.

முதற்கண் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். ஏ.வி.ஐ., எம்.பி.4 என்னும் பெயர்நீட்சிகளையே காணொளியின் வடிவமெனப் பலர் கருதுவர். உண்மையில் அவை கொள்கலன்களே. படமும் ஒலியும் எவ்வாறு சுருக்கி எழுதப்பட்டுள்ளன என்பதை உள்ளேயுள்ள குறிமுறையே தீர்மானிக்கின்றது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 1992இல் அறிமுகஞ்செய்த ஏ.வி.ஐ. கொள்கலனுள் வெவ்வேறு குறிமுறைகள் இடம்பெறலாம். ஒரே நீட்சியுடைய இரு கோப்புகளுள் ஒன்று இயங்க, மற்றையது இயங்க மறுப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

வீ.சி.டி.யிலுள்ள படம் 1993இல் நியமமாக்கப்பட்ட எம்பெக்-1 குறிமுறையில் அமைந்தது. பால் முறைக்கமைய அதன் அளவு 352க்கு 288 படப்புள்ளிகள். இன்றைய பெருந்திரையில் அது மங்கித் தோன்றுதல் இயல்பு. புதிய குறிமுறைக்கு மாற்றினாற் படம் தெளிவுறும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. இது தவறானது. இக்குறிமுறைகள் கண் எளிதில் உணராதவற்றை நீக்கியே கோப்பைச் சிறிதாக்குகின்றன. நீக்கப்பட்டது மீளாது, மறுபடி சுருக்கும்போது எஞ்சியதிலும் ஒரு பகுதி கழிந்துபோகும். செயற்கை நுண்ணறிவின் துணையுடன் கூர்மையாக்கினாலும், அது சேர்ப்பது ஊகித்த முகமேயன்றிப் பதிவான முகமன்று. எனவே தட்டு பழுதடையுமுன் அதன் கோப்பை எவ்வித மாற்றமுமின்றிப் பிரதிசெய்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தலே முதற்பணியாகும். ஒரு மணித்தியாலப் பதிவுக்கு ஏறத்தாழ 600 மெகாபைற்று இடமே வேண்டும்.

ஆயின், பழைய வடிவம் ஒருநாள் வாசிக்க இயலாததாகிவிடாதா? ஒரு வடிவத்தின் ஆயுள், அதன் வயதிலும் பார்க்க, அதன் இலக்கணம் எத்தனை பேர் கையில் உள்ளது என்பதையே பொறுத்துள்ளது. அடோபி நிறுவனம் 2020 டிசெம்பர் 31உடன் பிளாஷ் இயக்கிக்கான ஆதரவை நிறுத்தியது. ஆயினும் பிளாஷ் காணொளிக் கோப்புகளை வீ.எல்.சி. என்னும் கட்டற்ற மென்பொருள் இன்றும் வாசிக்கின்றது. அம்மென்பொருள் 1996இல் பிரான்சின் எக்கோல் சென்ரல் பரிஸ் கல்லூரி மாணவரின் செயற்றிட்டமாகத் தொடங்கி, 2001இல் எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் தக்க உரிமத்துடன் வெளியிடப்பட்டமை பல்கலைக்கழகத்தார் மனங்கொள்ளத்தக்கது. எம்பெக்-1 இற்கும் இத்தகைய திறந்த வாசிப்பு மென்பொருள்கள் பல உள. அதன் முதுமை கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இதனாற் புதிய வடிவங்கள் வேண்டாதன என்பது கருத்தன்று. 2003இல் வந்த எச்.264 பெரும்பாலான கருவிகளில் இயங்குவதால், உறவினருக்கு அனுப்பும் பார்வைப் பிரதிக்கு அதுவே பொருத்தமானது. 2013இல் வந்த எச்.265 ஏறத்தாழ அதே தரத்தைப் பாதியளவு இடத்தில் தரவல்லது. ஆயின் காப்புரிமைக் கட்டணச் சிக்கல் உடையது. 2018இல் வெளியான ஏ.வி.1 கட்டணமின்றிப் பயன்படுத்தும் நோக்குடன் ஆக்கப்பட்டதாயினும், பழைய கைத்தொலைபேசிகள் அதனை இயக்கத் திணறும். இன்னும் கணினியேறாத வீ.எச்.எஸ். நாடாவின் நிலை வேறு. அது இரண்டாம் முறை ஓடாமலே போகலாம். அதற்கு இழப்பின்றிச் சுருக்கும் எப்.எப்.வி.1 குறிமுறை ஏற்றது.

ஆகவே காப்பதற்கு மூலம், காண்பதற்குப் பிரதி என இரண்டும் வேண்டப்படுகின்றன. மூலம் உள்ளவரை நாளை தோன்றும் எவ்வடிவத்துக்கும் புதிய பிரதி எடுத்துக்கொள்ளலாம். மூலத்தை அழித்துப் பிரதியை மட்டும் விட்டுச்சென்றால், பின்வருவோர் அம்முகத்தோடு அதன் இழப்பையும் சேர்த்தே முதுசமாகப் பெறுவர்.