கண்ணாடியைக் கழற்றிய பின்

முகம் பார்ப்பதையும் கண்ணாடி என்கிறோம். மூக்கில் மாட்டுவதையும் கண்ணாடி என்கிறோம். பெயரில் ஒன்றான இவ்விரண்டும் சவரம் செய்யும் வேளையில் ஒன்றையொன்று விலக்கிவிடுகின்றன. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால்தான் கன்னத்தில் கத்தி ஓடும். கழற்றிவிட்டாலோ சுவர்க் கண்ணாடியில் முகம் புகைமூட்டமாகிவிடும்.

கடத்தூர் வீட்டில் எங்கள் தந்தையாருக்கு எழுபத்தெட்டாம் வயதில் இந்த இடர் வந்தது. தாடையில் இருமுறை வெட்டுப்பட்டதும், முடிதிருத்துபவரை வீட்டுக்கே வரச்சொல்லலாம் என்றோம். "எம் மூஞ்சிய நானே வழிச்சுக்கறேன்" என்றார். பிறர் கையை எதிர்பாராமல் அவர் செய்துகொள்ளும் வேலைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவந்த காலம் அது. அதற்குமேல் நாங்கள் வற்புறுத்தவில்லை. குளியலறைச் சுவருக்கு விளக்குடன் கூடிய உருப்பெருக்கிக் கண்ணாடி தேடத் தொடங்கினோம்.

மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, பத்து மடங்கு என விதவிதமாக இருந்தன. பெரிய எண்ணே சிறந்தது என்று தோன்றும். ஆனால் இது குழியாடி. முகம் ஆடிக்கும் அதன் குவியத்துக்கும் இடையே இருந்தால்தான் பிம்பம் நிமிர்ந்து, பெருத்துத் தெரியும். குவியத்தை நெருங்கினால் கலங்கிப்போகும். வெகுவாக விலகினால் தலைகீழாகும். மடங்கு கூடக்கூட முகத்தை ஆடிக்கு மிக அருகே கொண்டுபோக வேண்டும். பத்து மடங்கில் கன்னத்தின் ஒரு துண்டுதான் தெரியும். மூச்சுக்காற்றே ஆடியை மூடிவிடும். நடுங்கும் கைக்குக் கத்தியை ஓட்ட இடமும் இராது. மூன்று மடங்கில் முகத்தின் பெரும்பகுதி தெரிந்தது. சமதள ஆடியில் விழுவதைவிடப் பிம்பம் தள்ளி விழுவதால், கிட்டத்தில் இருப்பதைக் காணத் திணறும் முதிய கண்ணுக்கு அது இன்னொரு நன்மை.

விளக்கிலும் கவனம் வேண்டியிருந்தது. தலைக்கு மேல் எரியும் விளக்கு தாடைக்குக் கீழே நிழலைத் தள்ளும், வெட்டுப்படுவதும் அங்கேதான். ஆடியைச் சுற்றி வளையமாக எரியும் எல்.இ.டி. அந்த நிழலைக் குறைக்கிறது. 2700 கெல்வின் மஞ்சளுக்கும் 6500 கெல்வின் நீலவெண்மைக்கும் நடுவே 4000 எங்களுக்குப் பொருந்தியது. ஈரம் படும் இடமென்பதால் நீர்த்தெறிப்பைத் தாங்கும் ஐ.பி.44 குறியையும் பார்த்தோம். அவர் முக்காலியில் அமர்ந்தே சவரம் செய்வார். ஆதலால் அமர்ந்த நிலையில் கண்மட்டம் எதுவோ அந்த உயரத்தில், மடக்குக் கையோடு பொருத்தச் செய்தோம். குழியாடி வெயிலைக் குவித்துத் துணியைக் கருக்கிவிடக்கூடும் என்பதால் சன்னல் வெயில் விழாத சுவரைத் தேர்ந்தோம். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உலர்ந்தால் வெண்புள்ளி படியும். துடைக்க மென்துணி ஒன்றும் அருகில் தொங்குகிறது.

மனத்தில் ஓர் அச்சம் இருந்தது. மங்கிய பார்வை இதுவரை மறைத்துவைத்த சுருக்கங்களையும் நடுக்கத்தையும் இந்த ஆடி பெரிதாக்கிக் காட்டிவிடுமே என்று. முதல்நாள் அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்; ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து, "பிளேடு தீந்துபோச்சு, வாங்கியா" என்றார். முன்பெல்லாம் அவருக்கு ஒரு பெட்டி இரண்டு மாதம் வரும்.

இல்லத்தில் மூத்தோர் உள்ள நண்பர்கள் கடைக்குப் போகுமுன், அவர்கள் அமரும் உயரத்தையும் கையின் நடுக்கத்தையும் ஒருமுறை அருகிருந்து கவனியுங்கள். எத்தனை மடங்கு என்பதை அதன் பிறகு முடிவுசெய்யலாம்.