இளைப்புக் குழந்தைகளுக்கு ஒரு மலையூர்

ஸூரிச்சில் ரயிலேறி, லாண்ட்குவார்ட்டில் இறங்கி, சிவப்பு நிறச் சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். க்ளோஸ்டர்ஸைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறினால் டாவோஸ் வந்துவிடும். ஸ்விட்ஸர்லாந்தில் 1,560 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். பனிச்சறுக்கு ஆட வருகிறவர்களுக்கு அது உல்லாசபுரி. இளைப்பால் அவதிப்படும் குழந்தைகளுக்கோ ஆரோக்கிய ஸ்தலம்.

1853-ல் அலெக்ஸாண்டர் ஷ்பெங்லர் என்ற ஜெர்மன் டாக்டர் இங்கே வைத்தியம் பார்க்க வந்தார். மலைக் காற்றின் பெருமையை அவர் எடுத்துச் சொல்லவே, 1865 முதல் க்ஷயரோகிகள் குளிர்காலத்திலும் வரத் தொடங்கினார்கள். க்ஷயத்துக்கு மருந்து வந்த பிறகு அந்த இடத்தை ஆஸ்த்மாக்காரர்கள் பிடித்துக் கொண்டார்கள். ஈரம் மிகுந்த நெதர்லாந்திலிருந்து எத்தனையோ குழந்தைகள், பெற்றோரைப் பிரிந்து இங்கே தங்கியிருக்கிறார்கள்.

அந்தக் காற்றில் அப்படி என்ன விசேஷம்? ஈரம் குறைவு. தலையணையிலும் மெத்தையிலும், நாம் உதிர்க்கும் தோல் துகளைத் தின்று வாழும் தூசிப்பூச்சி ஒன்று உண்டு. அளவு ஒரு மில்லி மீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. அதன் எச்சந்தான் பல குழந்தைகளுக்கு இளைப்பைக் கிளப்பி விடுகிறது. தண்ணீர் குடிக்காத இந்தப் பூச்சி, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கிறது. டாவோஸில் அதற்குப் பிழைப்பு இல்லை!

இங்கே குழந்தைகளைப் போர்த்தி உட்கார வைப்பதில்லை. நடை, நீச்சல், பந்தாட்டம் என்று படிப்படியாகப் பழக்குகிறார்கள். குளிர்ந்த, வறண்ட காற்றில் ஓடினால் மூச்சு இரைக்கவும் கூடும். ஆகையால் முதலில் உடம்பைச் சூடாக்கிக் கொள்ளும் பயிற்சி. டாக்டர் சொல்லியிருந்தால், ஓடுமுன் உறிஞ்சும் மருந்து. பழகப் பழக, 'நம்மால் ஓட முடியாது' என்ற பயம் குழந்தையை விட்டுப் போகிறது.

மலையிறங்கிய பிறகு? அங்கேதான் சங்கடம். வீட்டு மெத்தையில் பூச்சி காத்திருக்கிறதே! சில வாரங்களிலோ மாதங்களிலோ பழைய இளைப்பு திரும்புவதுண்டு.

"ஊட்டிக்கு அழைத்துப் போனால் போதாதா?" என்று கேட்பீர்கள். 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டி, டாவோஸைவிட உயரந்தான். ஆனால் மழையும் மூடுபனியும் அங்கே அதிகம். உயரத்தோடு வறட்சியும் சேர்ந்தால்தான் பூச்சி ஒழியும்.

எனவே, தாய்மார்களே, படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். தலையணைக்கு நெருக்கமாக நெய்த உறை போடுங்கள். டாக்டர் தரும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அவர் யோசனைப்படி குழந்தையை விளையாட விடுங்கள். மலைக்குப் போக எல்லாருக்கும் வசதி இராது. மைதானத்துக்குப் போகலாம் அல்லவா?