குழவியும் சக்கரமும்

மகன் வாங்கிப் போட்ட வயிற்றுப் பயிற்சிச் சக்கரம் ஒன்று கட்டிலுக்கடியில் கிடந்தது. ஆப் ரோலர் என்கிறார்கள். ஒரு சிறு சக்கரம், நடுவே செருகிய கம்பி, இரு பக்கமும் ரப்பர் பிடி. முட்டி போட்டு, பிடிகளைப் பற்றி, முன்னால் உருட்டிப்போய்த் திரும்ப இழுக்க வேண்டும். முதல் தடவை உருட்டியபோதே இந்த அசைவை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்து, துவையல் அரைக்க மிக்ஸியை எடுத்தபோது பிடிபட்டது. அம்மா அம்மியில் குழவி ஓட்டிய அசைவு.

எங்கள் வீட்டு அம்மி கொல்லைத் தாழ்வாரத்தில் தரையோடு கிடக்கும். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்காருவாள். வறுத்த மிளகாயும் மல்லியும் முதலில் கரகரவென்று நொறுங்கும். தண்ணீர் தெளிக்கத் தெளிக்க அந்தச் சத்தம் அடங்கி, கல்லும் கல்லும் வழுக்கும் ஓசை மட்டும் மிஞ்சும். அந்த ஓசையை வைத்தே அடுப்பிலிருக்கும் பாட்டி, “மசிஞ்சிருச்சு, வழிச்சிரு” என்று குரல் கொடுப்பாள். பன்னிரண்டு வயதில் ஒருநாள் என்னிடம் குழவியைக் கொடுத்தார்கள். நாலு இழுப்பில் தோள் கடுத்தது. அம்மா என் வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். “கையால தள்ளாதடி. இங்க இறுக்கிக்கிட்டுத் தள்ளு, முதுகு தாங்கும்.”

சக்கரம் கேட்பதும் அதைத்தான். வயிற்றின் நடுத்தசை இடுப்பெலும்பின் முன்பக்கத்திலிருந்து விலா எலும்புகள் வரை நீண்டு கிடக்கிறது. கைகள் முன்னே போகப் போக முதுகு கீழே குழியப் பார்க்கும். அதைக் குழியவிடாமல் பிடித்து நிறுத்துவது இந்தத் தசையின் வேலை. 

இதைச் சொன்னால், அந்தக் காலத்துப் பெண்களுக்கு ஜிம்மே தேவைப்படவில்லை என்று பேச ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான்கு பிள்ளை பெற்றவள் அம்மா. காய்ச்சல் நாளிலும் அரைத்தாள். ஐம்பது வயதில் தரையிலிருந்து எழும்போது தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது. சக்கரத்தை எட்டுத் தடவை உருட்டிவிட்டு நான் ஓரமாக வைத்துவிடலாம். மசாலா மசியும்வரை அவள் குழவியை வைக்க முடியாது.

ஒன்றை மட்டும் எந்தக் கருவியும் செய்யாது: தொப்பையைக் கரைக்காது. தசை உள்ளே இருக்கிறது, கொழுப்பு அதன் மேலும் குடலைச் சுற்றியும் படிகிறது. உடம்புக்கு எரிபொருள் வேண்டுமென்றால், உழைக்கிற தசைக்குப் பக்கத்துக் கொழுப்பை மட்டும் தேடி எடுப்பதில்லை. உடம்பு முழுவதிலிருந்தும் இரத்தம் வழியாக எடுத்துக்கொள்கிறது. இது தெரிந்தும் விற்கிறார்கள் என்பதுதான் என் கோபம். கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலே வயிறு இறுகும் என்று மின்பட்டைகளை விளம்பரம் செய்தவர்கள் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2002-இல் வழக்குப் போட்டது. ஆப் சர்க்கிள் புரோ என்ற கருவி தினம் மூன்று நிமிடத்தில், இரண்டே வாரத்தில் பத்து பவுண்டு எடையைக் குறைக்கும் என்றார்கள். 2012-இல் அதை விற்றவர்கள் வாங்கியவர்களுக்கு இரண்டரைக் கோடி டாலர் வரை திருப்பித் தர ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கே நள்ளிரவுத் தொலைக்காட்சியில் அதே பேச்சு தமிழில் ஓடுகிறது. பிரசவத்துக்குப் பின் உடம்பைப் பார்த்து மனம் நொந்திருக்கும் பெண்தான் அதற்குப் பணம் கட்டுகிறாள்.

மல்லாந்து படுத்து எழும் சாய்வுப் பலகையும் எனக்கு வேண்டாம். முதுகெலும்பை ஓயாமல் மடக்கும் பயிற்சி அது. அமெரிக்கக் கடற்படையே 2021-இல் தன் உடற்தகுதித் தேர்விலிருந்து அந்த வகைப் பயிற்சியை எடுத்துவிட்டு, முழங்கை ஊன்றி அசையாமல் நிற்கும் பிளாங்க்கை வைத்தது. அதற்குப் பாய் போதும்.

பணம் போட்டே ஆக வேண்டுமென்றால் சக்கரம் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான், மூலையில் அடங்கிவிடும். குடலிறக்கம் உள்ளவர்களும் சிசேரியன் ஆனவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மற்றவர்கள் முதல் மாதம் சுவரைப் பார்த்து முட்டி போடுங்கள். சக்கரம் தூரம் ஓடாமல் சுவர் நிறுத்தும். முதுகு குழிகிறது என்று பட்டால், அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள்.