மரோட்டிச்சாலில் ஒரு மாலை

கேரளத்தின் திருச்சூர் நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்தில், காட்டோரமாக இருக்கும் கிராமம் மரோட்டிச்சால். பயிற்சி ஒன்றுக்காகத் திருச்சூர் சென்றிருந்த நான், ஒரு ஞாயிறு மாலை அங்கு போனேன். 'சதுரங்கக் கிராமம்' என்று அதனை அழைக்கிறார்கள்.

ஒரு காலத்தில் இக்கிராமம் கசிப்புக்கும் சூதாட்டத்துக்கும் பெயர் போனது. குடும்பங்கள் சீரழிந்தன. அந்நாளில் உண்ணிகிருஷ்ணன் என்ற இளைஞர் சதுரங்கம் கற்றார். பின்னர் தேநீர்க் கடை வைத்து, வருவோருக்கெல்லாம் கற்பித்தார். 2016ஆம் ஆண்டு 1,000க்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் ஆடி ஆசிய சாதனை படைத்தனர்.

நான் போனபோது, கடையோர வாங்கில் இருவர் ஆடிக்கொண்டிருந்தனர். ஒருவர் றப்பர் பால் வெட்டும் முதியவர். எதிரே அயல்வீட்டுப் பெண். தோற்றவர் தேநீருக்குக் காசு கொடுக்க வேண்டும்.

முதியவரிடம் அரசனும் அரசியும் இருந்தன. பெண்ணிடம் அரசன் மட்டுமே. ஆட்டம் முடிந்தது என்றே நினைத்தேன். அவரோ எழும்பவில்லை. ஒவ்வொரு கட்டமாக அரசனை நகர்த்தி மூலைக்குப் போனார். முதியவர் அவசரப்பட்டு அரசியை நெருக்கி வைத்தார். பெண்ணின் அரசனுக்கு 'செக்' இல்லை. ஆனால் போக ஒரு கட்டமும் இல்லை. விதிப்படி ஆட்டம் சமநிலை!

முதியவர் தலையில் கை வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "குடித்த காலமென்றால் பலகையைத் தூக்கி எறிந்திருப்பேன்" என்றார்.

"அவர் நிதானமாக ஆடியிருந்தால் நான் தோற்றிருப்பேன். அது அவர் பாடு. எழும்பாமல் இருப்பது என் பாடு" என்றார் அந்தப் பெண். இருவரும் பாதிப் பாதியாகக் காசு கொடுத்தார்கள்.

சகோதரிகளே, எமது கிராமமொன்றில் பெண்கள் கூடிக் கசிப்புக் கொட்டிலை உடைத்ததை நான் கண்டிருக்கிறேன். சில வாரங்களில் வேறொரு பற்றைக்குள் அது முளைத்தது. ஆண்கள் மாலையில் கூடியிருக்க வேறு இடமொன்றை நாங்கள் யோசிக்கவில்லை. மரோட்டிச்சாலில் போத்தல் இருந்த இடத்தில் பலகை வந்தது; அதுவும் ஒரே நாளில் வரவில்லை.

திரும்பும்போது இரண்டு சதுரங்கப் பலகைகள் வாங்கி வந்தேன். ஒன்றை எங்கள் மாதர் சங்கக் கட்டடத்து விறாந்தையில் வைத்தோம். முதலில் பிள்ளைகள் வந்தார்கள். போன கிழமை அவர்களைத் தேடி வந்த தகப்பன்மார் இருவர், இருட்டும்வரை எழும்பவில்லை.